யூகுய் சம்மதிக்கவில்லை

தைவானில், எங்கள் தைனான் நகரத் தெருவில் சுவேச்சினும் யூகுயும் இருபத்தாறு வருடம் சோயாப்பால் கடை நடத்தினார்கள். தெருவுக்கு அவர்கள் அக்கா தங்கை. எதிர்வீட்டுக்காரி எனக்கா தெரியாது? தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

யூகுய் செத்ததும் சாம்பலை அவள் தம்பி செங்ஹுவா கொண்டுபோனான். கல்யாணமாகாத பெண் செத்தால், அவள் பெயரெழுதிக் கும்பிடும் பலகைக்குப் பிறந்த வீட்டு முன்னோர் மேடையில் இடம் கிடையாது. ஊர்க்கோடியில் அப்படிப்பட்ட பெண்களுக்கென்றே இருக்கும் கோயிலில் இரண்டையும் வைத்துவிட்டான். சுவேச்சினைக் கிட்டவே சேர்க்கவில்லை.

மூன்று வருடம் கழித்து, பெண்ணும் பெண்ணும் கட்டிக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தது. அடுத்த மாதமே செங்ஹுவா கடை வாசலில் வந்து நின்றான்.

“மூணு வருஷமா அம்மா கனவுல அக்கா தினம் வர்றா. தலையெல்லாம் நனைஞ்சு வாசப்படியிலயே நிக்கிறா. குளுருதுங்கிறா. நீங்க அவளைக் கட்டிக் கூட்டிட்டுப் போயிடுங்க.”

செத்த பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடிக் கட்டிவைப்பது எங்கள் ஊரில் உண்டு. மாப்பிள்ளை இடத்துக்கு ஒரு பெண்ணையே கேட்டு வந்தவன் எனக்குத் தெரிந்து இவன்தான்.

“இப்பதான் கண்ணு தெறந்துச்சாக்கும்?” என்றேன். அவனை மாற்றியது சட்டமா, பேயா, இன்றுவரை எனக்குத் தெரியாது. சுவேச்சின் ஏப்ரனை அவிழ்த்தாள். கோயிலுக்குத் துணையாக நானும் போனேன்.

செத்தவளின் சம்மதம் வேண்டும். அவள் பலகைக்கு முன்னால் இரண்டு பிறைக் கட்டைகளைத் தரையில் போட வேண்டும். ஒன்று மல்லாந்து ஒன்று கவிழ்ந்தால் சரி என்று அர்த்தம். தொடர்ந்து மூன்று முறை அப்படி விழ வேண்டும்.

சுவேச்சின் போட்டாள். இரண்டும் கவிழ்ந்தன. மறுபடி போட்டாள். ஏழு தடவையும் கவிழ்ந்தன.

“உங்களையும் வேணாங்கிறாளே!” என்றான் செங்ஹுவா.

“எம்மேலதான் கோவம்” என்றாள் சுவேச்சின். “ஆஸ்பத்திரியில நீ யாருன்னு நர்ஸ் கேட்டா. இவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்னையே பார்த்தா. நான் பயந்துபோய், இவங்க வீட்டுல குடியிருக்கேன்னு சொல்லிட்டேன். உடனே வெளிய அனுப்பிட்டாங்க. தனியாவே செத்தா.”

பிறகு பலகையைப் பார்த்து மண்டியிட்டாள்.

“யூகுய், நான் உன் பொண்டாட்டிடி. அன்னிக்கே சொல்லியிருக்கணும்.”

கட்டைகளைப் போட்டாள். ஒன்று மல்லாந்தது, ஒன்று கவிழ்ந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறையும்.

செங்ஹுவா கும்பிட்டான். சுவேச்சின் எழுந்திருக்கவில்லை. கட்டைகளை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள்.

“மூணு வருஷமா உங்கம்மாகிட்டப் போய் நின்னியே. என் கனவுல ஒரு நாள் வந்து ரெண்டு அறை விட்டிருக்கக் கூடாதாடி?”