அரிகாம்போதிக்கு நான் இட்ட பெயர்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

இதனை எழுதுபவன் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளி சென்றவன் அல்லன். பஞ்சாலையில் தறி ஓட்டியவன். ஆலை நின்ற பிறகு தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையின் வாயிலில் காவல் இருந்தவன். என்னிடம் உள்ள எழுத்துநடை, விடுமுறை நாள்களில் நூலக மேசையில் அமர்ந்து நானே தேடிக்கொண்டது. உழவர்கரையில் எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் கம்பத்தில் விளக்கு எரியாவிட்டாலும் மனு எழுத என்னைத்தான் அழைப்பார்கள். பிரெஞ்சு இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற எதிர்வீட்டுச் சொல்தா, "வாத்தியாரே, ஒங்க மனுவப் படிச்சா ஆபீசருக்கே டிக்ஷனரி வேணும்" என்று கேலி செய்வார். அதைப் பாராட்டென்றே நான் கொண்டேன். அந்தப் பெருமைதான் என் மகளின் பாட்டை நிறுத்தியது.

என் மகள் இசைக் கல்லூரியில் வாய்ப்பாட்டுப் பயின்று பட்டயம் பெற்றபோது, இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பட்டயம் கைக்கு வந்துவிட்டால் கச்சேரிகள் தாமே வரும் என்று நான் எண்ணியிருந்தேன். வந்தவை வாழ்த்துப் பாடல்கள். மண்டபத்தில் ஏதேனும் விழா என்றால் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாட அவளை அழைப்பார்கள். அவள் பாடி முடிக்கும் வரை அவையோர் அனைவரும் எழுந்து நிற்பார்கள். அவர்கள் எழுந்தது அவளுக்காக அன்று என்பதை நான் நெடுநாள் உணரவில்லை. பாடி முடித்ததும் நாற்காலிகள் கிறீச்சிடும். அவள் பக்கவாட்டுப் படியில் இறங்கி என் அருகே வந்து உட்காருவாள். "வாழ்த்துப் பாடுற பொண்ணு" என்பதே அவளுக்கு ஊரில் ஏற்பட்ட பெயர்.

ஒருமுறை கோயில் விழாவில் முழுக் கச்சேரி கிடைத்தது. மாலை நான்கு மணிக்கு, வெயில் பந்தலுக்குள் விழுந்துகொண்டிருந்த வேளையில் ஏறினாள். ஒலிபெருக்கிக்காரர் அவள் ஆலாபனையின் நடுவே வந்து ஒலிவாங்கியைத் தட்டி, "மேடம், கொஞ்சம் சத்தமா" என்றார். முன்வரிசையில் ஒருவரின் செல்போன் திரைப்பாட்டொன்றை ஒலித்தது. ஐந்தரைக்கு உற்சவர் புறப்பாடு என்று அறிவித்தார்கள். அவள் கடைசியாகப் பாடவிருந்த அரிகாம்போதியைப் பாடாமலே எழுந்தாள். வீட்டில் பாடம் கற்க வந்த இரண்டு பிள்ளைகளும் சரளி வரிசை முடிவதற்குள் கணினி வகுப்புக்குப் போய்விட்டனர்.

என் மனைவி மணமண்டபச் சமையற்கூடத்தில் வேலை செய்தவள். ஒளிவு இல்லாமல் பேசுபவள். ஒரு நாள் சோறு பரிமாறிக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள்.

"ஒரு வருசம். அதுக்குள்ள ரேடியோவுல பாட எடுத்துக்கிட்டாங்கன்னா நானே ஆரத்தி எடுக்குறேன். இல்லன்னா மாத்திரை கம்பெனிக்குப் போவட்டும். நின்னுக்கிட்டே வாழ்த்து பாடி எவ்ளோ நாள் ஓட்டுறது?"

"சரிம்மா" என்றாள் மகள். "ஆனா ஆரத்திக்கு இப்பவே மஞ்சள் வாங்கி வையி."

வானொலியின் குரல் தேர்வில் தகுதி பெற்றவரைத்தான் சபாக்களும் பள்ளிகளும் இசைக்கலைஞர் என்று ஏற்றன. அந்தத் தேர்வே அவளுக்கு எஞ்சியிருந்த வாயில். அந்த ஆண்டு முழுவதும் வைகறையில் எழுந்து சுருதிப்பெட்டியை இயக்கிவிட்டு அரிகாம்போதியைப் பாடிக்கொண்டிருந்தாள். நான் முகம் மழித்துக்கொண்டே கேட்பேன். இசை அறியாத என் செவிக்கும் அந்த இராகத்தின் நடை பழகிவிட்டது. அது எங்கே வளையும், எங்கே நிற்கும் என்று என் சவரக்கத்திக்கே தெரியும்.

விண்ணப்பப் படிவம் வந்தது. அதில், ஆலாபனை செய்யக்கூடிய இராகங்களைப் பட்டியலிடுமாறு ஒரு பக்கம் இருந்தது. அவள் பென்சிலால் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். நல்ல கையெழுத்தில் எழுதித் தருகிறேன் என்று நான்தான் வாங்கினேன்.

"நானே எழுதிடுறேம்பா."

"ஊருக்கெல்லாம் எழுதுறவன் மவளுக்கு எழுத மாட்டனா? நீ போயி பாடு."

பட்டியலின் முதல் வரியில் அரிகாம்போதி என்றிருந்தது. பழந்தமிழ்ப் பண்களைப் பற்றி நூலகத்தில் நான் படித்திருந்த ஒரு நூலில் அட்டவணை ஒன்று உண்டு. தேவாரப் பண்ணாகிய குறிஞ்சியே இன்று அரிகாம்போதியாகப் பாடப்படுகிறது என்று அதில் கண்டிருந்தேன். தமிழ்ப் பெயர் இருக்க மற்றொன்று எதற்கு என்று எனக்குத் தோன்றிற்று. தேர்வாளர்கள் வியப்பார்கள், இந்தப் பெண் வேர் அறிந்தவள் என்று மதிப்பார்கள் என்றும் நினைத்தேன். 'குறிஞ்சிப் பண்' என்று எழுதப் பேனாவை வைத்தேன். கட்டத்தின் தலைப்பிலேயே 'இராகம்' என்று அச்சிட்டிருந்ததால் 'பண்' என்பது மிகை என்று விட்டுவிட்டேன். 'குறிஞ்சி' என்று மட்டும், எழுத்து சற்றும் கோணாமல் எழுதினேன். மற்றவற்றின் பண்டைப் பெயர்கள் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. அவற்றை அவள் எழுதியபடியே வைத்தேன். அவள் படித்துப் பார்க்காமல் கீழே கையொப்பமிட்டாள். அப்பன் எழுதியதைச் சரிபார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

தேர்வு நாளில் நான் வெளியே விசிப்பலகையில் அமர்ந்திருந்தேன். பாடுபவரைத் தேர்வாளர்கள் காண மாட்டார்கள். வேறோர் அறையில் இருந்து கேட்பார்கள். வேண்டியதை ஒலிபெருக்கி வழியே சொல்வார்கள். அவள் அரைமணி கழித்து வெளியே வந்தாள். தண்ணீர் கேட்டாள்.

"எப்பிடிம்மா இருந்துது?"

"பாடினேம்பா."

திரும்பும் பேருந்தில் அவள் கை மடியில் அசையாமல் கிடந்தது. எந்தப் பேருந்திலும் ஏதேனும் ஒரு தாளத்தைத் தொடையில் போட்டுக்கொண்டு வருபவள் அவள். களைப்பு என்று நினைத்தேன்.

சில வாரங்கள் கழித்து வந்த மடலில் தேர்வு பெறவில்லை என்றிருந்தது. இராக இலக்கணத்தில் தெளிவு தேவை என்று ஒரு வரியும், ஓராண்டு கழித்து மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு வரியும் இருந்தன. என் மனைவி ஆரத்திக்கென்று வாங்கி வைத்த மஞ்சளை எடுத்துக் குழம்புக்குப் போட்டாள். அடுத்த மாதம் மகள் மாத்திரை கம்பெனியில் சேர்ந்தாள். வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு, பேசாமல் நின்று அட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை. ஆறு மணிக்குப் பேருந்து. அவள் பாடும் வேளை பேருந்துக்குப் போயிற்று.

அவள் அங்கே சேர்ந்து எட்டு ஒன்பது மாதம் ஆகியிருக்கும். காவல் அறையில் வானொலி வைத்துக்கொள்ள எனக்கு அனுமதி இருந்தது. ஒரு பிற்பகல் அறிவிப்பாளர், "அடுத்து வருவது குறிஞ்சி இராகம்" என்றார். நான் ஆவலோடு ஒலியைக் கூட்டினேன். வந்தது வேறொன்று. தாலாட்டுப் போன்ற சிறிய இராகம். என் சவரக்கத்தி அறிந்த வளைவு ஒன்றுகூட அதில் இல்லை. அறிவிப்பாளர் தவறாகச் சொல்லிவிட்டார் என்றே முதலில் எண்ணினேன். நிலையத்துக்கு மடல் எழுதிப் பிழையைச் சுட்ட வேண்டும் என்று மனத்துக்குள் முதல் வாக்கியத்தையும் அமைத்துவிட்டேன்.

விடுமுறை நாளில் நூலகம் சென்று அதே நூலை எடுத்தேன். அட்டவணையின் அடியில், பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. குறிஞ்சி என்னும் பண் வேறு, இக்காலத்தில் அதே பெயரில் வழங்கும் இராகம் வேறு. நான் அடிக்குறிப்பைப் படிக்காமல் அட்டவணையைப் படித்தவன்.

வீட்டுக்கு வந்தேன். அவள் வேலைக்குக் கட்டும் துணியைத் துவைத்துப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"அன்னைக்கு ஒன்ன குறிஞ்சி பாடச் சொன்னாங்களா?"

அவள் துணியை உதறினாள். "ஆமாம்பா."

"ஒனக்குத் தெரிஞ்சிருந்துதா, அது நான் எழுதினதுன்னு?"

"அவங்க கேட்டப்பவே தெரிஞ்சிபோச்சி. அந்தத் தமிழ வேற யாரு எழுதுவா?"

அவளுக்கு அந்த இராகத்தில் கல்லூரியில் கற்ற ஒரு சிறு பாடலைத் தவிர வேறு எதுவும் தெரியாது. மேல் ஸட்ஜத்தைத் தொடாமல் கீழேயே உலவித் திரும்ப வேண்டும் என்பது அதன் இலக்கணமாம். அச்சத்தில் மேலே ஏறிவிட்டாளாம். ஏறியவுடன் ஒலிபெருக்கியில், "போதும்மா" என்று குரல் வந்ததாம்.

"எங்கப்பா மாத்தி எழுதிட்டாருன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

"கையெழுத்து என்னுதுப்பா. ஒன்னப் பத்தி அங்க போயி இன்னான்னு சொல்றது?"

"ஒரு வருசம் ஆவப்போவுது. மறுபடி எழுதுறேம்மா. இந்தத் தடவ நீ சொல்ற மாதிரியே எழுதுறேன்."

அவள் துணியைக் கொடியில் போட்டாள். சுருக்கம் போக இரண்டு முறை நீவிவிட்டாள்.

"வேணாம்பா. மாத்திரைத் தூளு படிஞ்சி தொண்டையெல்லாம் மாவாட்டம் இருக்கு. பாடிப் பாத்துட்டேன், மேல போவல." கோபம் ஏதும் இல்லாத குரலில் சொன்னாள்: "இனிமே எனக்காவ எதுவும் எழுதாதப்பா."

அதற்குப் பின் அவள் பாடவில்லை. வாழ்த்துப் பாட அழைத்தவர்களிடமும் வேறு பெண்ணின் பெயரைச் சொல்லி அனுப்பினாள். நான் தெருவுக்கு மனு எழுதுவதை விட்டேன். சொல்தா சில நாள், "இன்னா வாத்தியாரே, பேனாவுக்கு ஜுரமா?" என்று கேட்டுப் பார்த்தார், பிறகு அவரும் கேட்கவில்லை. தெருவிளக்கு பல மாதம் எரியாமல் கிடந்தது.

ஐயா, அம்மையீர், இது அவளுக்காக எழுதிய மனு அன்று. அவள் சொல்லை நான் மீறவில்லை. என் பிழையை நான் எழுதியிருக்கிறேன், அவ்வளவே. அந்தப் படிவம் உங்கள் வானொலி நிலையத்தில் இன்னும் ஏதேனும் ஒரு கோப்புக்கட்டுக்குள் இருக்கக்கூடும். இராக இலக்கணத்தில் தெளிவு தேவை என்ற வரியும் அவள் பெயருக்கு எதிரே இருக்கும். அந்தப் பட்டியலின் முதல் வரியில் இருக்க வேண்டியது அரிகாம்போதி. அதை அவள் அறிவாள். இந்தத் தாளை எறிந்துவிடாமல் வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.