சாய்ந்த பேட்ஜ்

அண்ணா போன வருஷம் போய்ச் சேர்ந்தான். அவனுடைய பழைய பச்சை ஸ்கூட்டர் என்னிடம் வந்து சேர்ந்தது. முன்தகட்டில் கம்பெனி பேட்ஜ், வலது பக்கம் ஒரு விரற்கடை சரிந்தபடி. "பெயின்ட் அடிச்சுட்டு மாட்டறச்சே டிரில் வழுக்கிடுத்துடா" என்பான். செம்பூரில் அவன் கட்டடத்துப் பிள்ளைகள் வண்டிக்கு 'டேடா' என்று பேர் வைத்திருந்தார்கள். இந்தியில் கோணல். நகைச்சுவை எழுதிப் பிழைக்கிறவன் சும்மா இருப்பானா? கல்யாணம், காதுகுத்து, எங்கும் அந்தப் பேட்ஜைப் பற்றியே பேசினேன். ஒரு கட்டுரையும் எழுதினேன். அண்ணா சிரித்துக்கொண்டே படித்தான்.

புதுப் பெயின்ட் அடிக்க மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு ஓட்டிப்போனேன். பெயின்டர் திருநெல்வேலிக்காரர். பேட்ஜின் முதுகில் மூன்று ஊசிகள். தகட்டுத் துளைகள் வழியாகப் போய்ப் பின்பக்கம் கிளிப்பில் மாட்டியிருக்கும். கிளிப்புகளை நெம்பிப் பேட்ஜை எடுத்தார். அடியில் வெயில் படாத பச்சை, நேற்று அடித்ததுபோல. அதில் மூன்று துளைகள் இல்லை, ஆறு.

"அண்ணாச்சி, இந்த மூணும் கம்பெனி போட்டது. நேராத்தான் இருக்கு. அது மூணும் பொறவு போட்டது. கை வழுக்குனா மூணுமா ஒண்ணுபோல வழுக்கும்? அளந்துல்லா போட்டிருக்காவ! எதுல மாட்ட?"

அந்த இடத்தில் எனக்கு ஏதாவது உறைத்திருக்க வேண்டும். "நேரா மாட்டுங்க. மத்ததை அடைச்சிடுங்க" என்றேன்.

மன்னியிடம் காட்ட செம்பூருக்குக் கொண்டுபோனேன். இறங்கி வந்தவள், பளபளத்துக்கொண்டு நின்ற ஸ்கூட்டரைத் தாண்டித் தெருவைப் பார்த்தாள்.

"வண்டி எங்கேடா?"

"இதுதான் மன்னி."

குனிந்து பேட்ஜைத் தொட்டாள். "நேராக்கிட்டியா?"

நிமிர்ந்து சொன்னாள். "அப்போ ஸ்டேஷன் ஸ்டாண்டிலே பாதி வண்டி இதே பச்சை. என் ரயில்தான் முதல்ல வரும்; அவர் ரயில் வர வரைக்கும் வண்டிகிட்டே நிப்பேன். ஒருநாள் யார் வண்டிகிட்டேயோ முக்கால் மணி நேரம் நின்னேன். மறுநாளே இதைச் சாய்ச்சு மாட்டினார்."

பாங்கில் ஆயுசு பூரா வேலை பார்த்தவள். வண்டி நம்பர் மட்டும் மனசில் நிற்காது.

"டிரில் வழுக்கித்துன்னானே?"

"உனக்குத் தெரிஞ்சா என்னைக் கட்டுரையா எழுதிடுவே. அதுக்குத்தான்."

எழுதியிருப்பேன். நன்றாகவும் வந்திருக்கும்.

மறுபடி தாராவி. "போன வாரந்தான அடைக்கச் சொன்னிய!" என்றார் பெயின்டர். ஆனாலும் தகட்டின் பின்பக்கம் குனிந்து, விரலால் தடவி, அடைத்த இடங்களைக் கண்டுபிடித்தார். புதுப் பெயின்ட் உதிராமல் அங்கிருந்தே துளைத்துத் திறந்தார். ஊசிகள் மூன்றும் பேச்சில்லாமல் உள்ளே போயின. பேட்ஜ் பழையபடி சாய்ந்தது.

அடுத்த நாள் சாயங்காலம் செம்பூர் ஸ்டேஷன் ஸ்டாண்டில், பைக்குகளுக்கு நடுவே வண்டியை நிறுத்தினேன். மன்னியை வரச்சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் நின்றேன். எந்த இடம் என்று சொல்லவில்லை. வந்தாள். வரிசையோரமாக, முன்தகடுகளை மட்டும் பார்த்துக்கொண்டே மெதுவாக நடந்தாள். ஓரிடத்தில் நின்றாள். கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, பின்சீட்டில் ஒரு கையை வைத்தாள்.

சாவியுடன் போனேன். "ஏறுங்கோ மன்னி."

அவள் என்னைப் பார்க்கவில்லை. ஸ்டேஷன் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருடா. ரயில் வரட்டும்."

பேய் பிசாசு நம்பிக்கையைக் கிண்டல் செய்து நான் எழுதியதெல்லாம் இரண்டு புத்தகம் தேறும். ரயில் வந்தது. கூட்டம் வாசலை அடைத்துக்கொண்டு வெளியே வந்தது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, நானும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.