ஈரம் காயாத படியும் 'செட்' என்ற ஒரு சொல்லும்

இரண்டாயிரத்தில் ஃபிஜியில் ஆட்சியைக் கவிழ்த்தார்களே, அதற்கு அடுத்த வருஷம் தலைநகர் சுவாவில் நடந்தது இது. ஃபிஜியிலேயே இருக்கும் எங்கள் பினாங்கு ஊர்ப் பக்கத்தில் ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு வெளிநாடு போய்க்கொண்டிருந்தார்கள். நானும் நியூஸிலாந்துக்கு விண்ணப்பம் போட்டேன். எனக்குக் கொத்தனார் வேலை. அங்கிருந்து வரும் அதிகாரி முன்னால் வேலை செய்து காட்டி, இங்கிலீஷில் விளக்கவும் வேண்டும் என்றார்கள். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதைக் கேட்டதிலிருந்து சோறே இறங்கவில்லை.

எனக்குக் கைவந்த இங்கிலீஷ் வார்த்தை ஒன்றுதான்: செட். எங்கள் ஊரில் புறப்படலாமா என்றாலும் செட், சம்மதம் என்றாலும் செட். கொத்து வேலையில் நூல் கட்டுவது செட், கல்லை வைப்பது செட், சிமெண்ட் இறுகுவதும் செட்.

"ஏங்க, அந்த ஒண்ண வச்சிக்கிட்டே பிளேன் ஏறிடுவீங்களோ?" என்று என் மனைவி கேலி செய்தாள்.

சோதனை நாளன்று காலையில் ஆளுக்கொரு பலகைச் சட்டம் அடித்து, கான்கிரீட் ஊற்றிப் படி ஒன்று செய்யச் சொன்னார்கள். அதிகாரி கேட்டதற்கெல்லாம் கையைக் காட்டி, செட் செட் என்றே விளக்கினேன். அவரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

மத்தியானம் கைக்கடிகாரத்தைப் பார்த்தவர், பலகையைக் கழற்றுங்கள், பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். வெளியே மழை, அந்த ஈரத்தில் சிமெண்ட் சீக்கிரம் இறுகாது. மேலே நகத்தால் அழுத்திப் பார்த்தேன், உள்ளே போனது. மாட்டேன் என்றால் என் பெயரை அடித்துவிடுவாரோ? வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள்.

"நோ சார். நாட் செட்" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. நிச்சயமாகவா என்று கேட்டார்.

என்னைப் போலவே சோதனைக்கு வந்து பக்கத்தில் படி செய்துகொண்டிருந்த, புலிலேகா என்ற ஊர்க்காரர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "அரே பையா, பைத்தியமா ஒனக்கு? வெள்ளைக்காரன் சொல்றான், கழட்டிப் போடு!"

"நோ சார். டுமாரோ செட்" என்றேன் மறுபடியும்.

புலிலேகாக்காரர் தன் பலகையைத் தட்டிக் கழற்றினார். உள்ளங்கை அளவு மூலை அதோடு பெயர்ந்து வந்தது. அதிகாரி அதைப் பார்த்தார். பிறகு என் படியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார், குழி விழுந்தது. நாளைக் காலை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். புலிலேகாக்காரரையும் இன்னொன்று செய்யச் சொன்னார்.

"நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும் பையா" என்று அவர் மறுபடி கலவை போட்டார். நான் அவருக்குப் பலகை பிடித்தேன்.

மறுநாள் கழற்றினால், விளிம்பு கத்தி மாதிரி நின்றது. அதிகாரி அதன் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, சிமெண்ட் அப்பிய என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மூன்றாம் மாதம் விசா வந்தது.

ஆக்லாந்துக்கு வந்து இத்தனை வருஷமாகியும் தபால்காரர் ஒரு கவர் கொடுத்தால், இங்கிலீஷில் என்ன எழுதியிருக்குமோ என்று பயந்துகொண்டேதான் பிரிக்கிறேன். ஆனால் என் குடும்பத்தின் எதிர்காலமே அந்த அதிகாரி கையில் இருந்தபோது, வேலை கெட்டுவிடக் கூடாதென்று அவரிடமே முடியாது என்று சொன்னவன் நான் என்பதை நினைத்தால், இன்றைக்கும் நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது.