கரடித் தலைக்குள் ஒரு ஃபேன்

“குளிர்ல நடுங்குற ஊர்ல ஃபேன் எதுக்கு சேர்?”

மூன்று வாரமாக இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர்கள் கந்தப்பளையில் யாராவது மிச்சம் இருக்கிறீர்களா? இருந்தால், தயவுசெய்து கேட்காதீர்கள். பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

என் மனைவி ஜெயந்தி தேயிலைத் தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர். கலைவிழாவில் வருடா வருடம் அவள்தான் கரடி. பழைய மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டில் ஸ்பொஞ்சும் கறுப்புத் துணியும் ஒட்டிச் செய்த தலை. அதை மாட்டிக்கொண்டு பிள்ளைகளோடு ஆட வேண்டும். விடுகிற மூச்சு வெளியே போக வழியில்லாமல் அவளுடைய மூக்குக் கண்ணாடியில்தான் படியும். நம் ஊர்க் குளிரில் கேட்கவா வேண்டும்? போன வருடம் கண் தெரியாமல் ஒரு பிள்ளையின் காலை மிதித்துவிட்டாள். நகம் பெயர்ந்து அந்தப் பிள்ளை அழுததை இன்னும் சொல்லிச் சொல்லி மாய்கிறாள்.

“இந்த வருசமும் மிதிச்சேன்னா, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அதுங்க முன்னால நிப்பேன்? ஏதாச்சும் பண்ணுங்க.”

பண்ணினேன். ஹட்டனுக்கு பஸ் பிடித்துப் போய், கரடித் தலைக்குள் பொருத்த பாதி உள்ளங்கை அளவில் ஒரு ஃபேன், சார்ஜ் பண்ணுகிற பெட்டரி நான்கு, அவற்றைப் போட ஒரு பிளாஸ்டிக் பெட்டி வாங்கி வந்தேன். தினமும் ஒத்திகை... சாதாரண பெட்டரி எத்தனை நாளைக்குத் தாங்கும்?

வீட்டில் சட்டமும் போட்டேன். பழைய பெட்டரியோடு கலக்கக் கூடாது. முழுசாகச் சார்ஜ் ஆகாமல் எடுக்கக் கூடாது. மறுநாளே இரண்டைக் காணோம்! தேடினால் டீவி ரிமோட்டுக்குள் இருக்கின்றன.

“சீரியல் முடிஞ்சதும் தர்றேங்க” என்றாள் கரடி. நான் யாருக்காக அலைந்தேன், சொல்லுங்கள்?

இதற்கு நடுவில் செல்வம் வேறு. தினமும் ஜெயந்தியை முன்பள்ளிக்குக் கூட்டிப்போகிற ஆட்டோக்காரர். மழை நாளில் பாதி உருளைக்கிழங்கை எடுத்து ஆட்டோவின் முன் கண்ணாடியில் தேய்ப்பார். “இதத் தேச்சா பனி புடிக்காது சேர். டீச்சருக்கும் இதே போதும்.”

“கறி வைக்கிறத விட்டுட்டு கண்ணாடியில தேய்க்கச் சொல்றீங்களே. சயன்ஸ்னு ஒன்னு இருக்கு செல்வம்” என்றேன். அவர் சிரித்துக்கொண்டார்.

விழாவுக்கு முந்தின நாள் பெரிய மழை. கரண்ட் போய்விட்டது. காலையில் ஃபேனைப் போட்டால், சுற்றலாமா வேண்டாமா என்று யோசிக்கிறது. வாசலில் செல்வம் ஹோர்ன் அடிக்கிறார்.

அப்போது நான் செய்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சின்ன வயதில் எங்கள் லயத்து வீட்டில் ரேடியோ பெட்டரி சோர்ந்தால் அடுப்போரம் வைப்போம். சூடேறினால் இன்னும் இரண்டு பாட்டுக்கு வரும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது பொய்யா? பெட்டரிப் பெட்டியை அப்படியே தூக்கி அடுப்போரம் வைத்துவிட்டேன், சட்டம் போட்ட நானே.

பிளாஸ்டிக் இளகி, கம்பி கழன்று, பெட்டரியின் தோல் சுருண்டு... ஜெயந்தி பார்த்தாள். கரடித் தலையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பின்னாலேயே நடந்து போய் முன் வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் கரடி. சுற்றிலும் பதினைந்து பிள்ளைகள். நான் பிள்ளைகளின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு பாதியில் ஒரு சின்னது, ஆட மறந்து, கரடியின் காலடியிலேயே சப்பென்று உட்கார்ந்துவிட்டது. போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

கைதட்டல் கேட்டுத் திறந்தால், கரடி அந்தப் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் ஓடினேன். தலையைக் கழற்றினாள். முகமெல்லாம் வியர்வை. கண்ணாடி மட்டும் பளிச்சென்று இருந்தது.

“எப்படி?”

“செல்வம் அண்ணன்கிட்ட கிழங்கு வாங்கித் தேச்சுக்கிட்டேன்.”

பையைத் துழாவி மிச்சத் துண்டை எடுத்து என் கையில் வைத்தாள். “நீங்களும் கண்ணாடிதான போடுறீங்க. தேச்சுக்கோங்க. இனிமேலாச்சும் மத்தவங்க சொல்றது கண்ணுக்குத் தெரியும்.”