பூ என்றால் ஹூ

மரகதத்துக்குக் கன்னடம் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஈஜிபுராவுக்குக் குடிவந்த புதிதில், கடைத்தெருவில் காதைத் தீட்டிக்கொண்டு நின்று அவளே இரண்டு சூத்திரம் கண்டுபிடித்தாள். நம் ‘ப’ அவர்களுக்கு ‘ஹ’. பால் ஹாலு, பூ ஹூ. நம் ‘வ’ அவர்களுக்கு ‘ப’. வா என்றால் பா, வெல்லம் என்றால் பெல்லா. இதை வைத்துக்கொண்டே இந்த ஊரில் காலம் தள்ளிவிடலாம் என்று அவளுக்கு அசாத்திய நம்பிக்கை. பாதி நேரம் தள்ளவும் முடிந்தது.

வேலை ஏரிக்கரையில் இருக்கும் ஒரு சின்ன விடுதியில். கக்கூஸ் கழுவவும் தரை துடைக்கவும்தான் சேர்ந்தாள். தோட்டக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனபோது, முதலாளியம்மா வீணா தோட்டத்தையும் அவளையே பார்க்கச் சொன்னார். தசரா வரைக்கும் பார்ப்போம், சரிப்படாவிட்டால் காண்ட்ராக்ட் ஆட்களிடம் கொடுத்துவிடலாம் என்று பேச்சு. கொடுத்துவிட்டால் மரகதத்துக்கு மறுபடி மாப்பும் வாளியும்தான்.

தோட்டத்துக்கு வந்த பிறகுதான் அவளுக்கு வேலை என்பதே பிடித்தது. மாசியில் வாசல் மரம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு ரோஸ் நிறத்தில் பூத்துக் கொட்டியது. பெருக்கிப் பெருக்கிக் கை ஓய்ந்தாலும் திட்ட மனம் வரவில்லை. சித்திரையில் குல்மோஹர் சிவந்தது. மழை பிடித்ததும் எல்லாம் ஒரே பச்சை, ஏரி உட்பட. அந்தப் பச்சை அலுத்துப்போய், ஏரியோரம் நீளமாகப் பாத்தி கட்டிச் செண்டுமல்லி விதைத்தாள். கன்னடத்தில் அது செண்டு ஹூ.

புரட்டாசியில் பாத்தி மொத்தமும் மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பூத்து நின்றது. அறை எடுத்துத் தங்கியவர்கள் காபி டம்ளரோடு அங்கே போய் நின்றார்கள். மரகதத்துக்கு ஒரே பயம், ஆயுத பூஜைக்கு இதைப் பறிக்கச் சொல்லிவிடுவார்களோ என்று.

முந்தின நாள் வீணா போன் செய்தார். “நாளெ பூஜெகெ செண்டு ஹூ எல்லா பிடிசி இடு.”

மரகதம் மனக்கணக்குப் போட்டாள். ஹூ என்றால் பூ. பிடு என்றால் விடு. ஆக, நாளைப் பூஜைக்குச் செண்டுப் பூவை எல்லாம் விட்டு வை. மகராசி நல்லா இருக்கணும் என்று போனை வைத்தாள். வாட்ச்மேன் ஆதிகேசவன் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தார். தலைமுறை தலைமுறையாகக் கண்டோன்மென்ட்டில் இருக்கும் தமிழர், கன்னடம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வேண்டிய பதில் கிடைத்த பிறகு யார் கேட்பார்கள்?

காலையில் வீணா வந்து பூக்கூடையைக் கேட்டார். கூடை காலி. வாசலில் தோரணம் இல்லை, அர்ச்சகரோ வந்து உட்கார்ந்தாயிற்று. விஷயம் தெரிந்ததும் ஆதிகேசவன் தலையில் அடித்துக்கொண்டார்.

“பிடிசுன்னா பறிக்கிறதும்மா. விடுறது இல்ல.”

மரகதம் எதையும் மறைக்காமல் தன் சூத்திரத்தைச் சொன்னாள். ஆதிகேசவன் அதைக் கன்னடத்தில் எடுத்துச் சொன்னார். வீணா நேரே ஏரியோரம் போனார். அந்தப் பக்கம் அவர் வந்தே மாசக்கணக்காகிறது. பாத்தியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார், போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். பிறகு பறிக்கச் சொல்லிக் கை காட்டினார்.

சமையல்கட்டு ஆட்களும் சேர்ந்து பறித்தார்கள். தான் வளர்த்ததைத் தானே மொட்டையடிக்கையில் மரகதத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பூவும் போச்சு, தோட்டமும் போச்சு என்று முடிவே கட்டிவிட்டாள்.

பூஜையில் அவரவர் ஆயுதத்தை அம்மன் படத்தின் முன்னால் வைத்தார்கள். சமையல்காரர் கரண்டியும் கத்தியும் வைத்தார், ஆதிகேசவன் டார்ச் வைத்தார். மரகதம் போன வருஷம் போலவே மாப்பைக் கழுவி எடுத்துவந்து ஓரமாகச் சாய்த்தாள். வீணா மாப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“குத்தலி எல்லி?”

ஏதோ குத்தல் பேச்சு என்றுதான் காதில் விழுந்தது. சாமி முன்னாலுமா என்று மனசு சுருங்கியது. ஆனால் இந்தத் தடவை அவள் கணக்குப் போடவில்லை. திரும்பி ஆதிகேசவனைப் பார்த்தாள்.

“மண்வெட்டி எங்கன்னு கேக்கறாங்க,” என்றார் அவர். “போய் எடுத்துட்டு வா.”

மரகதம் மாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மண்வெட்டியில் பாத்திச் சேறு காய்ந்திருந்தது. கழுவ நேரமில்லை, புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தாள்.