மூன்றடி ஆழ அலமாரி

கியாஸ் அடுப்பு வந்த பிறகுதான் எங்கள் வீட்டு அடுக்களையை இடித்துக் கட்டுவது என்று முடிவானது. எண்பதுகளின் கடைசி அது. இராஜபாளையத்தில் கூட்டுக் குடும்பமாக இருந்தோம். என் கணவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம் வைத்திருந்தார்கள். மாமனார், மாமியார், இரண்டு பேரின் பிள்ளைகள், போதாததற்கு மதியம் வந்து சாப்பிடும் தறிக்காரர்கள். அத்தனை பேருக்கும் சமைப்பது நானும் என் ஓரகத்தியும்தான். அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

சுவரை எங்கே இடிப்பது, ஜன்னலை எங்கே வைப்பது என்பதையெல்லாம் ஆண்கள் பேசி முடித்துவிட்டார்கள். உள்ளே என்ன வேண்டும் என்பதை எங்களிடம் விட்டார்கள். அந்த வீட்டில் எங்களைக் கேட்டு நடந்த முதல் காரியம் அது. நாங்கள் இருவரும் ஒரே குரலில் சொன்னது, எல்லாம் ஆழமாக இருக்க வேண்டும் என்பதைத்தான்.

அதுவரை பாத்திரங்களைப் புறவாசலில் குத்தவைத்துத்தான் துலக்கினோம். இனி நின்றுகொண்டே கழுவலாம். ஆனால் இராஜபாளையத்துக் கடைகளில் பார்த்த சிங்க்குகளில் எங்கள் சோற்றுப் பானையின் அடிப்பாகம்கூட முங்காது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடையில் பெரிதாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு, மாமியாரிடம் சொல்லிவிட்டு இருவரும் பஸ் ஏறினோம்.

கடைக்காரர் குடோனிலிருந்து ஒன்றைத் தூக்கிவந்து வைத்தார். அக்கா வளையல்களை மேலே ஒதுக்கிக்கொண்டு கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். முழங்கை வரை போனது.

"இது ஓட்டலுக்குள்ளது தாயி. வீட்டுக்கு எதுக்கு இம்புட்டு ஆழம்?" என்றார் அவர்.

"எங்க வீடும் ஓட்டல்தான் அண்ணாச்சி. கல்லாப்பெட்டி ஒண்ணுதான் இல்ல" என்றாள் அக்கா.

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். திரும்பும்போது சாக்குச் சுற்றிய சிங்க்கை பஸ்ஸில் எங்கள் காலடியில் வைத்துக்கொண்டோம். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டார். அதற்கும் சிரித்தோம்.

அலமாரியில்தான் கொத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை. வழக்கமாக ஒன்றரை அடி. நாங்கள் மூன்றடி கேட்டோம். "உள்ள கெடக்கது கண்ணுக்குத் தெரியாதுக்கா. கையும் எட்டாது" என்றார். முன்னால் அன்றாடப் பாத்திரம், பின்னால் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் எடுக்கிற அண்டா, தாம்பாளம் என்று அக்கா கணக்கு வைத்திருந்தாள். அடுக்களைச் சுவர் அவ்வளவு கனம் இல்லாததால் சுவரை உடைத்து, அந்தப் பக்கம் இருந்த சாமான் அறைக்குள் நீட்டிக் கட்ட வேண்டியதாயிற்று. கடப்பாக்கல் தட்டு, தேக்குக் கதவு. கட்டி முடித்த பிறகு, பின்னால் இருப்பதை எடுக்க வேண்டுமென்றால் அக்கா மண்டியிட்டுப் பாதி உடம்பை உள்ளே நுழைத்துக்கொள்வாள். அங்கிருந்தபடியே பேசுவாள். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் குரல் முழங்கும். நான் வெளியே நின்று சிரிப்பேன்.

அந்தச் சிரிப்பு இரண்டு பொங்கலைத் தாண்டவில்லை. மாமனார் காலமான பிறகு, தறியை விற்றுவிட்டு நூல் வியாபாரத்துக்குப் போகலாம் என்றார் மூத்தவர். என் கணவர் முடியாது என்றார். ஒருநாள் தறிக்கூடத்தில் வேலையாட்கள் முன்னாலேயே இரண்டு பேரும் சொல்லக்கூடாத வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டார்கள். அதன் பிறகு பேச்சே இல்லை. சொந்தக்காரப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்து வீட்டை இரண்டாகப் பிரித்தார்கள். அடுக்களை எங்களுக்கு. சாமான் அறையை அவர்கள் அடுக்களையாக மாற்றிக்கொள்வது. நடுச்சுவர் எல்லை.

அலமாரி அந்த எல்லையைத் தாண்டி அவர்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. யாருக்கு என்று சற்று நேரம் பேச்சு ஓடியது. கடைசியில் ஆசாரியை வரவழைத்து, நடுவில் ஒரு பலகையை அடித்து, பின்பக்கச் செங்கல்லை எடுத்துவிட்டு அங்கே ஒரு கதவு வைத்தார்கள். அவர்களுக்கு ஒன்றரை அடி, எங்களுக்கு ஒன்றரை அடி. பெரியவர்களுக்கு ரொம்பத் திருப்தி. நாங்கள் இரண்டு பேரும் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களை யாரும் கேட்கவில்லை.

"சிங்க்க நீங்க எடுத்துக்கிடுங்கக்கா" என்று நான் மெல்லச் சொன்னேன்.

"புடுங்குனா மேடை ஒடஞ்சிரும். கெடக்கட்டும்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் காலையில் பழக்கதோஷத்தில் கையை உள்ளே நீட்டினேன். விரல்கள் பலகையில் இடித்தன. அந்தப் பக்கம் அக்கா டம்ளர் அடுக்கும் சத்தம் அவ்வளவு அருகில் கேட்டது. வாசல் வழியாகப் போய்ப் பேசினால் ஆண்கள் கண்ணில் பட்டுவிடுவோம். ஆகவே ஒருவர் பாத்திரச் சத்தத்தை ஒருவர் கேட்டுக்கொண்டு சமைத்தோம். அவள் பக்கம் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று எனக்குத் தெரியும். என்ன குழம்பு என்று தெரியாது.

ஒரு மதியம், பலகைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"ஏட்டி, இருக்கியா?"

"இருக்கேன்க்கா. என்ன?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

அன்று முழுவதும் எனக்கு மனசு லேசாக இருந்தது. ஆனால் அடுத்த வாரமே அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டது. இடுக்கு வழியாகக் கரப்பான் வருகிறதென்று மூத்தவர் பலகைமேல் தகரம் அடிக்கச் சொல்லிவிட்டாராம். மாமியார்தான் சொன்னார். அதன் பிறகு டம்ளர் சத்தம்கூட மங்கிப்போயிற்று. கொஞ்ச காலத்தில் அவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே குடிபோய்விட்டார்கள். அந்தப் பாதியில் வாடகைக்கு ஆள் வந்தது.

சில வருடங்கள் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். பந்தியில் யாரோ அண்ணன் தம்பி இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார வைத்துவிட்டார்கள். பாயசம் வருவதற்குள் பேசிவிட்டார்கள், அவ்வளவுதான். நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்வதுபோல நூல் விலையைப் பற்றி.

அக்கா என்னைத் தூணோரம் அழைத்துப் போனாள். இளைத்திருந்தாள். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள். பிறகு சட்டென்று, "தகரம் அடிச்ச பொறவும் ரெண்டு மூணு தடவ ஒன்னயக் கூப்பிட்டேன். கேட்டுச்சா?" என்றாள்.

"கேக்கலியேக்கா."

"கேக்காதுன்னுதான் நெனச்சேன்" என்று தலையை ஆட்டிக்கொண்டாள். "ஒருவேள கேட்டும் பேசலயோன்னு கொஞ்சம் வருத்தம். அம்புட்டுதான்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் யாரோ அவளைத் தாம்பூலப் பை எடுத்துக் கொடுக்கக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது என் கணவர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். அடுத்த மாதம் அண்ணன் வீட்டுக்கு ஒரு நடை போய்வர வேண்டும் என்றார். "பழசையெல்லாம் மறந்தாச்சு. நீயும் மறந்துரு" என்றார்.

நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். மம்சாபுரத்துக்குப் பிரியும் விலக்கைத் தாண்டியதும் அவர் உண்மையிலேயே தூங்கிப்போனார்.