பந்திக்கு வெளியே ஒரு மந்திரி

ஏழு பொங்கல் விழாவுக்குச் சமைத்தும் ஒரு பந்தியில்கூடக் கிருபைராஜ் உட்கார்ந்ததில்லை. அந்த வயிற்றெரிச்சலுக்கு ஒரே காரணம் நஞ்சப்பன்.

நஞ்சப்பன் கோயம்புத்தூர்க்காரர். அமெரிக்காவில், பார்சிப்பனி ஊரில் ஒரு மருந்துக் கம்பெனியில் முப்பது வருஷம் மாத்திரைகளைச் சோதித்து ரிட்டயரானவர். சிட்டிசன் பரீட்சை பாஸானதும் மற்றவர்கள் புத்தகத்தைத் தூக்கிப் போடுவார்கள். இவர் அதை வைத்துத் தமிழ்ச் சங்கத்துக்குச் சட்டம் எழுதினார். நூற்றிருபது குடும்பத்துக்கு ஜனாதிபதி, துணை ஜனாதிபதி, மந்திரிகள், சட்டம் போட ஒன்பது பேர் காங்கிரஸ், மூன்று நீதிபதிகள். சாம்பாருக்கு முருங்கைக்காயா கத்தரிக்காயா என்பதுகூட ஓட்டுக்குப் போய், ஜனாதிபதியான அவர் கையெழுத்துக்கு வந்து, ஒரு தடவை கோர்ட் வரைக்கும் போனது. சங்கத்தில் யாருக்கு ஆபரேஷன் என்றாலும் ரசத்தோடு முதலில் போய் நிற்பதும் அவர்தான். கிளம்புமுன் அதற்கும் ஓர் உத்தரவு போட்டுக்கொள்வார்.

கிருபைராஜ் நாசரேத்துக்காரர், படிப்பு எட்டாங்கிளாஸ், ஹோட்டலில் கரண்டி பிடிக்கிறவர். வாழையிலை வாங்கி வருகிறார் என்று அவரை விவசாய மந்திரி ஆக்கினார் நஞ்சப்பன். அங்கேதான் பிடித்தது சனி. இந்த நாட்டு ஜனாதிபதி காங்கிரஸ் முன்னால் பேசப் போகும்போது, கட்டடமே இடிந்தாலும் நாட்டை ஆள ஓர் ஆள் வேண்டுமென்று ஒரு மந்திரியை மட்டும் வேறிடத்தில் வைத்திருப்பார்கள். நஞ்சப்பன் அதையும் விடவில்லை. 'மிஞ்சும் மந்திரி' என்று பேர் வைத்துக் கிருபைராஜ் தலையில் கட்டினார். பள்ளிக்கூட ஹாலில் சனமெல்லாம் பந்தியில் உட்காரும்; சமைத்தவர் சட்டப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஃப்ரீவேக்கு அந்தப் பக்கம் தன் வேனில் குளிரில் விறைத்துக் கிடப்பார்.

போன வருஷம் கேட்டே விட்டார். "அண்ணாச்சி, பொங்கச்சோறு தின்னு எவனாவது கூண்டோட செத்துருக்கானா?"

"சமையல் உங்களுதுங்களே, நான் என்னத்தச் சொல்றது? மசோதா கொண்டாங்க."

மிஞ்சும் மந்திரியை ஒழிக்கும் மசோதா அஞ்சுக்கு நாலு என்று ஜெயித்தது. நஞ்சப்பன் வீட்டோ போட்டுத் தடுத்தார். அதை முறிக்க ஒன்பதில் ஆறு ஓட்டு வேண்டும். விழுந்தது மறுபடியும் அஞ்சு. எதிர்த்துப் போட்டவர்களில் ஒருத்தி காங்கிரஸில் இருந்த அமலி, கிருபைராஜின் பெண்டாட்டி.

"ஏட்டி, புருஷனுக்கு எதிராவா கை தூக்குத?"

"வருஷத்துல அந்த ஒரு நாளுதான் உப்பு எப்படி, புளி எப்படின்னு பக்கத்துல நச்சரிக்க ஆளில்லாம சாப்பிடுதேன். அதையும் கெடுக்காதீய."

இந்தப் பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது நஞ்சப்பனுக்கு நெஞ்சு மக்கர் பண்ணியது. ஞாயிற்றுக்கிழமை தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். துணை ஜனாதிபதி வேலை மாறி டெக்சாஸ் போயாயிற்று. அதற்கடுத்த மந்திரி தன் மகள் கல்யாணத்துக்குச் சென்னையில். நஞ்சப்பன் ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே, தனக்குப் பின் ஜனாதிபதி ஆக வேண்டியவர்களின் பட்டியலை விரலால் தடவிக்கொண்டு இறங்கினார். விரல் விவசாயத்தில் வந்து நின்றது.

கிருபைராஜை வரவழைத்து, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, இடது கையில் சட்டப் புத்தகத்தைக் கொடுத்து வலது கையைத் தூக்கச் சொல்லிப் பிரமாணம் செய்து வைத்தார்.

"இனி நீங்கதானுங்க ஜனாதிபதி. சனிக்கிழம மொத எலை உங்களுது."

ஏழு வருஷம் ஏங்கிய இலை. கிருபைராஜ் தூக்கிய கையை இறக்கினார்.

"அப்போ வெளிய யாரு அண்ணாச்சி இருக்கது?"

"உங்க விவசாய இலாகா காலிதானுங்களே. அத நான் எடுத்துக்கறனுங்க."

"நீங்களா? டாக்டர் ஞாயித்துக்கிழமையே தாண்டாதுன்னு…" வாயை விட்டுவிட்டார் கிருபைராஜ்.

"விழா சனிக்கிழமைதானுங்க," என்றார் நஞ்சப்பன். "ஒரு நாள் கூடவே இருக்குது."

சட்டப் புத்தகத்தைத் திரும்ப வாங்கித் தலையணைக்கடியில் சொருகிக்கொண்டார். கிருபைராஜ் கதவுவரை போனதும் கைதட்டிக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, போறப்ப அந்த நர்ஸம்மாகிட்ட ஒண்ணு சொல்லிப்போட்டுப் போங்க. சனிக்கிழம ஆரு வந்து கேட்டாலும் நான் எந்த ரூம்ல இருக்கறேன்னு சொல்லப்படாது. மிஞ்சும் மந்திரி இருக்கற எடம் ரகசியமுங்க."